பழைய த்ரீ பேஸ் டிரில் மெஷினை வீட்டு கரண்டில் ஓட வைப்பது எப்படி

கோவைப் பக்கம் ஜாப் ஆர்டர் பட்டறை ஒன்றை மூடும்போது லேத் முதலில் விலை போகும். கடைசிவரை மூலையில் நிற்பது பெரும்பாலும் பெஞ்ச் டிரில்தான். கனமான வார்ப்பிரும்பு உடல், மேலே நாலு படி புல்லி, பின்னால் அரை எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் பேஸ் வைத்திருப்பவர்கள் அந்த மோட்டாரைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நல்ல மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருகிறது. நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான், பெயர்ப்பலகைகூடக் கிடையாது, 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் பகுதி). இப்போது என் வீட்டுப் பட்டறையில் சிங்கிள் பேஸிலேயே ஓடுகிறது. புதிதாக விற்கும் லேசான மெஷின்களில் பெரிய பிட்டை அழுத்தினால் டேபிள் ஒரு பக்கம் தணிவது கண்ணுக்கே தெரியும். இதில் அந்தப் பேச்சே இல்லை.

கழற்றுவது, மாட்டுவது, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மின்சாரப் பகுதியை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதிக நாள் பிடித்தது அங்கேதான்.

வாங்கும் முன்

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெயின்ட்டைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பார்க்க வேண்டியது ஸ்பின்டில், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டு. கைப்பிடியை இழுத்து ஸ்பின்டிலை இரண்டு அங்குலம் கீழே இறக்கி, சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பின்டில் மட்டும் ஆடினால் பேரிங் போயிருக்கிறது, அது சில நூறு ரூபாய் வேலை. ஸ்பின்டிலைச் சுற்றியிருக்கும் குழாயும் (க்வில் என்பார்கள்) சேர்ந்து தலைக்குள் ஆடினால் வார்ப்பே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதை விட்டுவிடுங்கள். சில மெஷின்களில் தலையில் ஒரு வெட்டும் இறுக்கும் போல்ட்டும் இருக்கும், அது இருந்தால் கொஞ்சம் சரிக்கட்டலாம்.

அப்புறம் டேபிள் கை தூணைப் பிடிக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் துடைத்த பிறகும் ஒரு கோடு ஈரமாகத் தெரியும். டேபிளில் பிறை பிறையாகத் துளை விழுந்திருப்பது எல்லாப் பழைய மெஷினிலும் உண்டு. அதற்காக வெல்டிங் வைக்கப் போகாதீர்கள். வார்ப்பிரும்பைச் சூடேற்றாமல் சாதாரண ராடில் பற்ற வைத்தால் பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும். அரால்டைட்டில் இரும்புத்தூள் கலந்து நிரப்பி, மேலே ஒரு பிளைவுட் பலகையைப் போட்டுக்கொண்டால் போதும்.

கழற்றுவது

ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன்னால் போனில் படம் எடுங்கள். கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் ஒரு வட்ட டப்பா இருக்கும், ஸ்பின்டிலை மேலே இழுக்கும் சுருள் பட்டை ஸ்பிரிங் அதற்குள்தான். நட்டைத் தளர்த்தும்போது டப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் திடீரென்று விடுபட்டால் கையைக் கிழித்துவிடும்.

சக் கழற்ற, ஸ்பின்டிலில் நீளவாக்கில் இருக்கும் துளையில் டிரிஃப்ட் என்கிற ஆப்பைச் செருகி ஒரே தட்டு. டேபிளில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டுத் தட்டுங்கள், இல்லாவிட்டால் சக் நேராக இரும்பில் விழும். துளை இல்லாத மெஷினில் சக்குக்கும் ஸ்பின்டிலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஆப்பு கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் ஸ்பின்டில் வளையும்.

சக் இறுகியிருந்தால் டீசலில் ஊறப்போடுங்கள். பிரிக்கிறீர்கள் என்றால் மூன்று தாடைகளிலும் 1, 2, 3 என்று எண் இருக்கும், அதே வரிசையில்தான் திரும்பப் போக வேண்டும். உள்ளே இருக்கும் பல் வளையம் இரண்டு பாதியாக உடைத்துச் செய்தது. உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படியே மாட்ட வேண்டும்.

துரு, பெயின்ட்

இதில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. போல்ட், நட், கைப்பிடி மாதிரியான சாமான்களை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் (எலுமிச்சை உப்பு என்று கேட்டால் மளிகைக் கடையிலேயே தருவார்கள்) கரைத்து ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரிலேயே செம்பழுப்பாகிவிடும். ஸ்பிரிங்கையும் சக்கையும் இதில் போடக் கூடாது, கடினப்படுத்திய எஃகு ஆசிடில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

க்வில் குழாயையும் தூணையும் எமரி போட்டுத் தேய்க்காதீர்கள். அது அளவு வைத்துக் கடைந்த பரப்பு. எண்ணெயில் நனைத்த ஸ்காட்ச் பிரைட் போதும்.

பழைய மெஷின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகத் தேய்த்து வீட்டுக்குள் தூள் பறக்க விடாதீர்கள், தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேயுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மேலே ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. என் ஓட்டு ஹேமர்டோனுக்கு. வார்ப்பின் மேடு பள்ளம் அதில் தெரியாது, பட்டி பார்க்கும் வேலையும் மிச்சம்.

பேரிங்

பழசின் ஓரத்தில் எண் இருக்கும். அழிந்திருந்தால் அளந்து பாருங்கள்: உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, தடிமன் 12 மி.மீ. என்றால் 6203, 20, 47, 14 என்றால் 6204. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருப்பதைக் கேளுங்கள், ரப்பர் மூடி போட்டது, இரும்புத்தூள் உள்ளே போகாது. எஸ்கேஎஃப், என்பிசி எதுவானாலும் சரி, ஆனால் டப்பா இல்லாமல் தாளில் சுற்றிக் கொடுப்பதை வாங்காதீர்கள். தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் தட்டுங்கள், ஓட்டைக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும். தவறான வளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பள்ளம் விழுந்துவிடும், புது பேரிங் முதல் நாளே கரகரவென்று கத்தும்.

மோட்டார்: இங்கே கொஞ்சம் நிதானம்

முதலில் உங்கள் வீட்டு மீட்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு த்ரீ பேஸ் இணைப்பே இருக்கிறது. இருந்தால் ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக மெயினில் ஓட்டும் சுவிட்ச்) போட்டுக் கொடுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள், இந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாம்.

சிங்கிள் பேஸ் என்றால் மூன்று வழி. ஒன்று, மோட்டாரைத் தூக்கிவிட்டு அரை எச்.பி., 1440 ஆர்பிஎம் சிங்கிள் பேஸ் மோட்டார் வாங்குவது. சுலபம்தான், ஆனால் பழைய புல்லியின் துளை பல மெஷின்களில் அங்குல அளவில் இருக்கும், 5/8 அங்குலம் என்பது 15.9 மி.மீ.; புது மோட்டாரின் தண்டோ 14 அல்லது 19 மி.மீ. ஆக லேத்துக்காரரிடம் போக வேண்டும். இரண்டு, கெபாசிட்டர் வைத்து ஓட்டுவது. ஓடும், ஆனால் பலம் குறையும், சூடாகும். எனக்குப் பிடிக்காத வழி. மூன்று, விஎஃப்டி. சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டை வாங்கி த்ரீ பேஸாக வெளியே தரும் பெட்டி. வேகத்தையும் ஒரு குமிழில் மாற்றலாம். நான் போட்டது இது.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பெட்டி த்ரீ பேஸ் தரும், ஆனால் 415 வோல்ட் தராது. உள்ளே போகும் 230-ஐத் தாண்டி வெளியே வராது. நம் ஊரில் 3 எச்.பி. வரையிலான த்ரீ பேஸ் மோட்டார்கள் வழக்கமாக 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருக்கும், அதாவது மூன்று காயிலின் ஒரு முனையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். அதை அப்படியே விஎஃப்டியில் கொடுத்தால் மோட்டார் ஓடும்! சத்தமில்லாமல், அழகாக ஓடும். பிட்டை இரும்பில் அழுத்தியவுடன் நின்றுவிடும். பெல்ட் வழுக்குகிறதா, பேரிங் இறுகிவிட்டதா, விஎஃப்டி டூப்ளிகேட்டா என்று எங்கெங்கோ தேட வைக்கும் கோளாறு இதுதான். ஸ்டாரில் இருக்கும்போது ஒவ்வொரு காயிலுக்கும் 415-ஐ வர்க்கமூலம் 3-ஆல் வகுத்த அளவு, அதாவது 240 வோல்ட் கிடைக்க வேண்டும். 220 கொடுத்தால் கிடைப்பது 127. வோல்ட் பாதியானால் முறுக்குவிசை காலாகும், எனவே மூன்றில் ஒரு பங்கு பலம்கூட மிஞ்சாது.

தீர்வு, டெல்டா இணைப்புக்கு, அதாவது மூன்று காயிலையும் முனையோடு முனை முக்கோணமாகச் சேர்ப்பதற்கு மாற்றுவது. டெல்டாவில் ஒவ்வொரு காயிலுக்கும் முழு 220-உம் நேராகப் போகும். அந்தக் காயில் 240-க்குச் சுற்றியதுதானே, அதனால் புகையாது.

மெயினை எடுத்துவிட்டு மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறங்கள். ஆறு போல்ட் இருந்தால் உங்களுக்கு நல்ல நேரம். கீழ் வரிசை யு1, வி1, டபிள்யு1. மேல் வரிசை டபிள்யு2, யு2, வி2. மேல் வரிசை மூன்றையும் தகடுகள் குறுக்கே இணைத்திருந்தால் அது ஸ்டார். அந்தத் தகடுகளைக் கழற்றிச் செங்குத்தாகப் போடுங்கள்: யு1-டபிள்யு2, வி1-யு2, டபிள்யு1-வி2. இதுதான் டெல்டா. கீழ் வரிசை மூன்றுக்கும் விஎஃப்டியின் மூன்று ஒயர்.

என் மோட்டாரில் மூன்று ஒயர்தான் வெளியே வந்தது. ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே, வார்னிஷ் ஊற்றிய நூல் கட்டுக்கு அடியில் புதைந்திருக்கும். இதை வீட்டில் தோண்டாதீர்கள். காயில் கட்டும் கடையில் கொடுத்து, "உள்ளே இருக்கிற ஸ்டார் பாயின்ட்டைப் பிரித்து ஆறு ஒயரா வெளியே எடுத்துக் கொடுங்க அண்ணா" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். வெறுமனே சிங்கிள் பேஸுக்கு மாற்ற வேண்டும் என்று சொன்னால் புது மோட்டார் வாங்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர் கத்தி முனையால் நூலை அறுத்து, கருத்துப்போன ஸ்லீவை உருவி, மூன்று முனையும் சேர்த்துப் பற்றவைத்த அந்தச் சின்ன முடிச்சைக் காட்டியபோதுதான் எனக்கு முழு விஷயமும் விளங்கியது. வார்னிஷ் மொறமொறவென்று உதிர்ந்தால் முழுசாகக் காயில் கட்டிவிடுவதே நல்லது, அப்போது 220 வோல்ட் டெல்டா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாங்கும்போது மெக்கர் (காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், விஎஃப்டியில் இணைப்பதற்கு முன்னால்.

விஎஃப்டியில் சில விஷயம். மோட்டார் வோல்ட் 220, 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஆம்பியருக்கு மோட்டாரின் பிளேட்டில் இருக்கும் ஸ்டார் அளவை 1.73-ஆல் பெருக்கி வையுங்கள் (1.1 என்று இருந்தால் 1.9). வேகம் ஏற இரண்டு மூன்று விநாடி கொடுங்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டாதீர்கள், மோட்டாரின் விசிறியும் மெதுவாகத்தானே சுற்றும், சூடு உள்ளேயே நிற்கும். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் போடக் கூடாது. ஓட்டும்போது அணைத்தால் பெட்டி பழுதாகும். ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்களை அதன் கன்ட்ரோல் டெர்மினலில் இணையுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடும் வசதி இருந்தால் அதை அவசியம் அணைத்துவிடுங்கள். மெஷின் உடம்புக்கும் மோட்டாருக்கும் எர்த் கட்டாயம். மெயினை எடுத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும், பத்து நிமிஷம் கழித்துக் கை வையுங்கள். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் இந்தப் பகுதியை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அவுட் (சுழலும்போது வரும் ஆட்டம்) பார்ப்பது

ஸ்பின்டிலின் கூம்புத் துளைக்குள் விரல் விட்டுத் தடவுங்கள். பழைய மெஷினில் ஏதாவது ஒரு பிசிறு நகத்தில் தட்டும். எண்ணெய்க்கல்லின் முனையால் அந்தப் பிசிறை மட்டும் எடுங்கள். நன்றாகத் துடைத்து, எண்ணெய் இல்லாமல் உலர்வாகச் சக்கை ஏற்றி, மரச்சுத்தியால் கீழிருந்து ஒரு தட்டு. சக்கில் ஒரு நல்ல 10 மி.மீ. டோவல் பின்னைப் பிடித்து டயல் கேஜ் வைத்து, பெல்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். நம் வேலைக்கு 0.1 மி.மீ. வரை பரவாயில்லை. அதிகம் என்றால் சக் இல்லாமல் கூம்பிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் குற்றம் சக்கில், புதுச் சக் வாங்கிவிடலாம்.

வந்த கேள்விகளால் சேர்த்தது

விஎஃப்டி போட்டதும் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுகிறது என்று பலர் சொன்னார்கள். பெட்டிக்குள் இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு அனுப்பும், வீடு முழுக்க ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்றால் மற்ற கசிவுகளோடு சேர்ந்து விழுந்துவிடும். அதற்காக எர்த்தைக் கழற்றிவிடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். பட்டறைக்குத் தனி லைன், தனி ஆர்சிசிபி. விஎஃப்டிக்கு எந்த வகை ஆர்சிசிபி வேண்டும் என்று அதன் புத்தகத்திலேயே போட்டிருக்கும்.

குமிழில் வேகம் குறைகிறதே, பெல்ட் மாற்ற வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும். குமிழைக் குறைத்தால் வேகம்தான் குறையும், முறுக்குவிசை ஏறாது. ஸ்பின்டில் பக்கம் பெல்ட்டைச் சின்னப் புல்லியிலிருந்து பெரிய புல்லிக்கு மாற்றினால் வேகம் குறைவது, முறுக்குவிசை ஏறுவது இரண்டும் நடக்கும். சாதா இரும்பில் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்கு 6 மி.மீ. என்றால் சுமார் 1300 ஆர்பிஎம், 10 என்றால் 800, 13 என்றால் 600. பெரிய பிட் மாட்டும்போது பெல்ட்டை மாற்றிவிட்டு, குமிழை 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

கையுறை போட்டு டிரில் பண்ணலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. துணி நுனி, துப்பட்டா, நீளமான முடி எதுவும் ஸ்பின்டில் பக்கம் போகக் கூடாது. தகடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கையில் பிடிக்காமல் மெஷின் வைஸில் கட்டுங்கள், வைஸை டேபிளோடு போல்ட் போடுங்கள். பிட் மறுபக்கம் வெளியே வரும் அந்த நொடியில்தான் தகடு பிடித்துச் சுழலும், அங்கே மட்டும் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.