பிடிஎஃப் பருமனைக் குறைக்கப் படங்களை மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் உருவாக்கிய ஆய்வேட்டின் பிடிஎஃப் கோப்பு அளவுக்கு மீறிப் பருத்துவிட்டால், காரணம் பெரும்பாலும் படங்கள்தான். உடனே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதுதான் முதல் தவறு. படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒளிப்படத்துக்கு ஜேபெக் போதும். அதைப் பிஎன்ஜி ஆக்கினால் தரம் கூடும் என்று நம்பாதீர்கள். ஜேபெக் தொலைத்த நுணுக்கம் திரும்பி வராது, கோப்புதான் பல மடங்கு பெருக்கும். லேடெக் ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கித்தரும் பிடிஎஃப்லேடெக் நிரல், ஜேபெக் தரவை மறுபடி சுருக்காமல் அப்படியே உள்ளே வைத்துவிடுகிறது. திரைப்பிடிப்புகளுக்கு இது பொருந்தாது. அவற்றை ஜேபெக் ஆக்கினால் எழுத்துகளின் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். அவை பிஎன்ஜியாகவே இருக்கட்டும்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறு. படத்தின் அகலத்தை 8 செ.மீ. என்று கட்டளையில் குறித்துவிட்டு, படம் சிறிதாகிவிட்டது என்று நினைப்பது. பக்கத்தில் தெரியும் அளவுதான் சிறுக்கிறது, பிக்சல்கள் ஒன்றுகூடக் குறைவதில்லை. 4000 × 3000 பிக்சல் படம் முழுதாக உள்ளே போய் உட்காரும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கொண்டால், 8 செ.மீ. அகலத்துக்கு ஏறத்தாழ 945 பிக்சல் போதும். முதலில் அந்த அளவுக்குக் குறையுங்கள். மொத்தப் பிக்சல்கள் சுமார் பதினெட்டில் ஒரு பங்காகிவிடும். எந்த வடிவமாற்றமும் இதற்கு ஈடாகாது. மூலப்படத்தைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு நகலில் வேலை செய்யுங்கள்.

கோட்டு வரைபடங்களை வெக்டராக, அதாவது பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாகவே பதியும் முறையில், பிடிஎஃப்பாகச் சேர்ப்பது நல்லது. பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது, கோப்பும் சிறிது. தரவுகளைப் புள்ளிகளாகக் காட்டும் சிதறல் படத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள் இருந்தால் அது மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே பதிவாவதால் பக்கம் திறக்கவே திணறும். புள்ளிகளை மட்டும் பிஎன்ஜியாக்கி, அச்சுக்கோடுகளையும் எழுத்துகளையும் வெக்டராக விடலாம்.

இபிஎஸ் என்னும் பழைய வடிவப் படக்கோப்புகளைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் மாற்று நிரல் வழியே பிடிஎஃப் ஆக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயல்பு அமைப்பில் அது உள்ளிருக்கும் படங்களைத் தானே ஜேபெக் முறையில் சுருக்கிவிடக்கூடும். திரைப்பிடிப்பு மங்கலாக வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

எதை மாற்றுவது என்று ஊகிக்கத் தேவையில்லை. பாப்ளர் என்னும் பிடிஎஃப் நிரல் தொகுப்பின் பிடிஎஃப்இமேஜஸ் கருவி, ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு படத்தின் பிக்சல் அளவு, சுருக்கமுறை, அங்குலத்துக்கான பிக்சல், பருமன் எல்லாவற்றையும் பட்டியலிடும். அங்குலத்துக்கு 600 பிக்சலுக்கு மேல் காட்டும் ஒளிப்படங்களிலிருந்து தொடங்குங்கள்.