படகுக் கூரையின் உடைந்த துண்டுக்கு மாற்று தேடுவது எப்படி?

மோட்டார் படகின் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கினால், உடைந்திருப்பது பெரும்பாலும் கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றாகத்தான் இருக்கும். துணியில் கிழிசல் இருக்காது. குழாய்கள் நேராகவே நிற்கும். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு நைலான் பிடிமானம் மட்டும் விண்டுபோயிருக்கும்.

இதற்கு மாற்று தேடும் எவரும் முதலில் படகின் பெயரையும் ஆண்டையும் இணையத்தில் தட்டுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். "எல்லாப் படகுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். குழாயில் நுழையவே மறுத்தது. இரண்டாவதாக வந்தது நுழைந்தது, ஆனால் லொடலொடவென்று ஆடியது. மூன்றாம் முறைதான் அளவுகோலைக் கையில் எடுத்தேன். படகு கட்டுகிறவர்கள் பலர் கூரைச் சட்டகத்தைத் தாங்களே செய்வதில்லை. கூரைக்கென்றே இருக்கும் தயாரிப்பாளர்களிடம் வாங்கிப் பொருத்துகிறார்கள். அதனால் ஒரே பிடிமானம் பத்து வேறு படகுகளில் இருக்கும். ஒரே பெயருள்ள இரு படகுகளில் வேறுவேறு பிடிமானங்களும் இருக்கும். படகின் பெயர் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை, அளவு தெரிந்தால் போதும்.

முதலில் துண்டின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

மடக்கி விரிக்கும் கூரையைக் கடைகளில் "பிமினி டாப்" என்பார்கள். பிமினி என்பது பஹாமாஸ் நாட்டில் உள்ள ஒரு சிறு தீவுக் கூட்டம். தேடும்போது இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டால், தோட்டக் குடைகளும் கார் கூரைகளும் குறுக்கே வந்து தொல்லை செய்யாது.

சட்டகத்தை ஒரு முறை கீழிருந்து மேலாகப் பாருங்கள். கூரையைத் தாங்குபவை வில் போல வளைந்த குழாய்கள். அவற்றுக்குப் பெயரே "போ", அதாவது வில். முதன்மை வில்லின் இரு கால்களும் படகின் தளத்திலோ பக்கச் சுவரிலோ ஒரு கீலில் வந்து முடிகின்றன. இது "டெக் ஹிஞ்ச்". கீலுக்குள் நுழையும் குழாய் முனையில் துளையிட்ட காது போன்ற மூடி ஒன்று இருக்கும். அது "ஐ எண்ட்". மற்ற வில்கள் முதன்மை வில்லின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே குழாயைச் சுற்றி ஒரு வளையமும், அதிலிருந்து தாடை போல விரிந்த இரு கன்னங்களும் இருக்கும். இதுதான் "ஜா ஸ்லைடு". உடைவதில் முதலிடம் இதற்குத்தான். கூரையை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் வார்கள், வார் முனையில் உள்ள "ஸ்னாப் ஹூக்" கொக்கி, கொக்கி மாட்டும் "ஐ ஸ்ட்ராப்" என்ற சிறு உலோகப் பாலம் ஆகியவை மிச்சம்.

பெயர் தெரிந்த பிறகும் கழற்ற அவசரப்பட வேண்டாம். உடையாத எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறதே, அதுதான் உங்கள் மாதிரி. இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். ஜா ஸ்லைடு குழாயில் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே ஒட்டுநாடாவால் அடையாளம் வையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் மேலோ கீழோ போனால் துணி ஒரு பக்கம் விறைத்து மறுபக்கம் தொய்யும். கழற்றும்போது துணியை ஒரு கயிற்றில் தாங்கலாகக் கட்டிவிடுங்கள். சட்டகம் தலையில் விழுந்தால் வலிக்கும், எனக்குத் தெரியும்.

விட்டம்: நூலே போதும், பாதி தூரம் வரை

குழாயின் வெளி விட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வழக்கத்தில் உள்ளவை முக்கால் அங்குலம், 7/8 அங்குலம், ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம். மில்லிமீட்டரில் இவை 19, 22.2, 25.4, 31.8. வெர்னியர் காலிப்பர் இல்லாதவர்கள் ஒரு நூலைக் குழாயைச் சுற்றி இறுக்கி, சேரும் இடத்தில் புள்ளி வைத்து, பிரித்து அளக்கலாம். இதில் ஒரு வசதி இருக்கிறது. சுற்றளவு ஏறக்குறைய 60 மி.மீ. வந்தால் முக்கால் அங்குலக் குழாய். 70 வந்தால் 7/8. 80 வந்தால் ஒரு அங்குலம். 100 வந்தால் ஒன்றேகால். கணக்குப் போடவே தேவையில்லை.

நூல் சொல்லாத ஒன்றும் உண்டு. மெட்ரிக் அளவில் செய்த 25 மி.மீ. குழாய்க்கும் 25.4 மி.மீ. கொண்ட ஒரு அங்குலக் குழாய்க்கும் சுற்றளவில் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நூலை இழுக்கிற இழுப்பிலேயே அது மறைந்துவிடும். ஆனால் 25 மி.மீ. வளையம் ஒரு அங்குலக் குழாயில் ஏறாது. ஒரு அங்குல வளையம் 25 மி.மீ. குழாயில் ஆடும். என் முதல் இரண்டு துண்டுகளின் கதை கிட்டத்தட்ட இதுதான். ஒரு காலிப்பரை இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். அளக்கும் இடத்தில் உப்புப் படிவும் பழைய பசையும் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். பெரிய தட்டைப் படகுகளில் சதுரக் குழாயும் வரும். அதற்கு ஒரு பக்கத்தின் அகலத்தை அளந்தால் போதும்.

ஐ எண்ட் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குழாய்க்கு மேலே தொப்பி போல மாட்டுவது ஒரு வகை, குழாய்க்குள் தக்கை போலச் செருகுவது இன்னொரு வகை. தொப்பிக்கு வெளி விட்டம் போதும். தக்கைக்கு உள் விட்டம் தேவை; அது குழாயின் சுவர்த் தடிமனைப் பொறுத்து மாறும். வெளியே ஒரே அளவாகத் தெரியும் இரு குழாய்களில் ஒன்றில் செருகும் தக்கை மற்றொன்றில் தொளதொளக்கலாம். பழையதைக் கழற்றி, குழாயின் வாயை நேரடியாக அளப்பது தவிர வேறு வழி இல்லை.

பிறகு ஊசி. தாடையையும் காதையும் கோக்கும் போல்ட் அல்லது ஊசியின் தடிமன் பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ., அல்லது 6 மி.மீ. தாடைக் கன்னங்களுக்கு இடையே உள்ள இடைவெளியையும், அதில் நுழையும் காதின் தடிமனையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீல் மாற்றுகிறவர்களுக்கு

கீலில் முக்கியமானது அடித்தட்டு. தட்டையான தளத்துக்கு ஒன்று, சரிந்த பரப்புக்கு ஒன்று, கைப்பிடிக் கம்பியின் மேல் உட்கார அடி குழிந்த ஒன்று என்று பல வடிவங்கள் உண்டு. திருகாணித் துளைகளின் இடைவெளியை நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். துளையின் நடுப்புள்ளியைக் கண்ணால் பிடிப்பது சிரமம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதே எண் கிடைத்துவிடும். கூடவே ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் துளைகளின் அச்சை எடுத்துக்கொண்டால், புதிய கீலை அதன்மேல் வைத்தே பார்க்கலாம்.

துளை பொருந்தாத கீலை வாங்கிவிட்டு, பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துளையிடுவது சோம்பேறித்தனம். பழைய துளை வழியாகத் தளத்தின் உள்ளே நீர் இறங்கும். உள்ளே மரக்கட்டை இருந்தால் மெல்ல மக்கிவிடும். முதலில் எபாக்சி என்ற இறுகும் பசையால் அடைத்து, இறுகவிட்டு, பிறகு துளையிடுங்கள்.

என்ன பொருளில் வாங்குவது

குழாய் அலுமினியமா எஃகா என்று பார்க்கக் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். அலுமினியத்தில் ஒட்டாது என்பது சரி. ஆனால் படகுகளில் வரும் 304, 316 வகைத் துருப்பிடிக்காத எஃகிலும் ஒட்டுவது அபூர்வம். வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம். எடையை நம்புங்கள். ஒரே அளவு அலுமினியத்தைவிட எஃகு ஏறக்குறைய மூன்று மடங்கு கனம்.

கடல்நீரில் ஓடும் படகென்றால் 316 வாங்குங்கள். அதில் உள்ள மாலிப்டினம் உப்பின் அரிப்பைத் தாங்கும். நன்னீருக்கு 304 போதும். பளபளப்பாக முலாம் பூசிய துத்தநாக வார்ப்புகள் கடையில் எஃகு போலவே தெரியும். உப்பு பட்ட சில காலத்தில் கொப்புளம் விடும். விவரத்தில் "துருப்பிடிக்காத எஃகு" என்றும் வகை எண்ணும் எழுதியிராவிட்டால் நான் வாங்குவதில்லை. அலுமினியக் குழாயில் எஃகுத் துண்டை மாட்டினால், உப்புநீர் படும்போது அலுமினியம்தான் அரிபடும். சந்தில் வெள்ளைப் பொடி பூப்பதுதான் அதன் அடையாளம். இடையில் காப்புப் பசை தடவுங்கள், இல்லாவிட்டால் நைலானிலேயே இருங்கள்.

"நைலான் உடைகிறதே, எல்லாவற்றையும் எஃகாக மாற்றிவிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் ஏன் உடைந்தது என்று பாருங்கள். வெயிலில் வெளுத்து, நகத்தால் கீறினால் மாவு போல உதிர்ந்தால் அது வயது முடிந்து உடைந்தது. நிறமும் உறுதியும் கெடாமல் சுத்தமாக முறிந்திருந்தால் ஏதோ அதிக பாரம் வந்திருக்கிறது. கூரையை விரித்தபடியே வண்டியில் இழுத்துச் சென்றிருக்கலாம். மழைநீர் தேங்கியிருக்கலாம், ஒரு சதுர மீட்டர் துணியில் ஒரு சென்டிமீட்டர் நீர் நின்றால் 10 கிலோ. அந்தப் பாரத்தை எஃகுத் தாடை தாங்கிக்கொள்ளும், ஆனால் அடுத்து வலுக்குறைந்த இடத்துக்குத் தள்ளிவிடும். அது தளத்தில் இறங்கிய திருகாணிகளாக இருந்தால் செலவு எங்கோ போய்விடும். மலிவான துண்டு முதலில் உடைவதில் எனக்கு வருத்தமில்லை.

தேடலும் வாங்கலும்

முதலில் துணியின் உள்மடிப்பிலும் குழாயின் அடிப்பகுதியிலும் சட்டகத் தயாரிப்பாளரின் சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. படகோடு தொழிற்சாலையிலேயே வந்த கூரையென்றால், படகின் பின்பலகையில் வலப்பக்கம் பொறித்திருக்கும் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அமெரிக்க முறையில் அது எழுத்தும் இலக்கமுமாக 12 குறிகள். சர்வதேச முறையில் நாட்டுக் குறியீடும் சேர்ந்து 14.

இரண்டும் கைகொடுக்காவிட்டால், துண்டின் பெயர், குழாய் விட்டம், பொருள் என்ற மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். படத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். அளவு வரைபடம் இல்லாத இடத்தில் அளவைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஜோடியாகவே வாங்குங்கள், எதிர்ப்பக்கமும் அதே வெயிலில்தான் காய்ந்திருக்கிறது.

குழாயே மடங்கிப்போயிருந்தால் அதை நிமிர்த்திப் பயனில்லை. மடிந்த இடத்திலேயே மறுபடி மடியும். எஃகுக் கைப்பிடி செய்யும் பட்டறையில் பழைய வில்லைக் காட்டி, அதே வளைவில் புதிதாக வளைத்து வாங்கலாம்.

மாட்டும்போது

சாதாரண ஜா ஸ்லைடை வளையல் போல முனை வழியாகத்தான் குழாயில் ஏற்ற முடியும். அதற்கு முனையில் உள்ள ஐ எண்டைக் கழற்ற வேண்டும். அது துருவிலும் உப்பிலும் இறுகியிருந்தால் ஒரு நாள் போய்விடும். இதற்காகவே நடுவில் திறந்து மூடும் கீல்வகை ஜா ஸ்லைடு கிடைக்கிறது. சற்று விலை கூடினாலும் புதிதாகச் செய்பவர்களுக்கு அதையே சொல்வேன்.

அடையாள நாடா இருந்த இடத்தில் வைத்து, ஜா ஸ்லைடு வளையத்தில் உள்ள சிறு திருகாணியை ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியால் இறுக்குங்கள். அலுமினியக் குழாயில் கை கடினப்படும் அளவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குழாய் குழிந்துவிடும். எஃகு போல்ட்டில் எஃகு நட்டைப் போடும்போது மரையில் கொஞ்சம் மசகு தடவுங்கள், இல்லாவிட்டால் பாதியில் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கமும் திரும்பாது. வார்களை இரு பக்கமும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இழுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாத் திருகாணிகளையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும். அதிர்வில் ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும். என் படகில் சாமான் பெட்டி மூடியின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: குழாய் 22.2, ஊசி 6.35, கீல் துளை இடைவெளி 38. அடுத்த துண்டு உடையும்போது இந்த மூன்று எண்களோடு நேராகக் கடைக்குப் போகலாம்.