சங்கக் கடைச் சுவர்ச் சித்திரத்தைப் பெயர்த்து வைப்பது எப்படி: வன்னியிலிருந்து ஒரு மேசனின் குறிப்புகள்

வீதியை அகலிக்கிறார்கள், பழைய கட்டடம் இடிபடப் போகிறது, அதன் சுவரில் ஊர் முழுக்கப் பார்த்து வளர்ந்த ஒரு சித்திரம் இருக்கிறது. ஏ9 வீதிக்கரையில் இருந்த எங்கள் கூட்டுறவுச் சங்கக் கடைச் சுவருக்கும் இதுதான் நடந்தது. மிளகாய், வெங்காய இறக்குமதிக்குத் தடை இருந்த 70களில் கீறிய சித்திரம் அது. குளக்கட்டு, உழவு மெசின், பாயில் மிளகாய் பரப்பும் பெண்கள். அந்தச் சுவரை அறுத்தெடுத்துச் சனசமூக நிலைய வளவில் நிறுத்திய மேசன்மாரில் நானும் ஒருவன்.

சித்திரம் எங்கே போகிறது, அங்கே அதற்கு யார் பொறுப்பு என்பது கடிதத்தில் வரும்வரை சுவரில் கைவைக்க விடாதீர்கள். இடமில்லாமல் கழற்றிய சுவர் ஏதாவது ஒரு களஞ்சியத்தில் சாய்ந்து கிடந்து, ஈரம் ஏறி, உப்புப் பூத்து உதிர்ந்துவிடும். இடிபடுவதைவிட அது மோசம், ஏனென்றால் காப்பாற்றிவிட்டோம் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கும்.

கட்டடம் சங்கத்துடையதா, பிரதேச சபையுடையதா, பள்ளிக்கூடமென்றால் வலயக் கல்விப் பணிமனையின் கீழா என்று பாருங்கள். வீதி வேலைக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை. எல்லோருக்கும் எழுதி, பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். முதற் கடிதத்தில் கேட்க வேண்டியது, வீதியோர வாய்க்காலைச் சில அடி தள்ளி வெட்டிச் சுவரை விட்டுவிட முடியுமா என்பதைத்தான். சுவர் நின்ற இடத்திலேயே நிற்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழைய கட்டடம் என்று சொல்லும்போது 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான் முதலில் கருதுகிறது. ஆகவே 70களின் சுவரைச் சட்டம் தானாக வந்து காக்காது. பழைய கோயில் ஓவியமென்றால் நீங்கள் தொடவே வேண்டாம், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின் மேலிருந்த நாயக்கர் காலப் படையைத் தனியே உரித்தெடுத்துப் பலகையில் பதித்தது இந்தியத் தொல்லியல் துறையின் இரசாயன நிபுணர்கள் செய்த வேலை. ஊர் மேசன் அதைப் பார்த்துச் செய்யப் போகக் கூடாது.

அடுத்தது பதிவு. காலை வெயில் ஏற முன், முக்காலியில் கமெராவை வைத்து, அளவுகோலும் படத்துக்குள் தெரிய, அடி அடியாகப் படம் எடுங்கள். அப்புறம் ஊரிலுள்ள வயதானவர்களைச் சுவருக்கு முன்னால் கதிரை போட்டு இருத்திப் பேச விடுங்கள். எங்களிடம் ஓர் ஆச்சி, “அந்தப் பச்சைச் சீலை உடுத்த மனுசி என்ர அம்மா, தம்பி” என்றார். அதுவரை அதைச் சும்மா ஒரு பெண் உருவமென்றே நினைத்திருந்தோம். இடம்பெயர்வுகளில் படங்களைத் தொலைத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ. ஒரு தாயின் முகம் சங்கக் கடைச் சுவரில் மட்டும் மிஞ்சியிருக்கலாம். இந்த வேலைக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

இனிச் சுவர். விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கோறைச் சத்தம் வரும் இடங்களில் பூச்சு கல்லை விட்டுவிட்டது. அவற்றைப் படப் பிரதியில் குறித்து, நீறிய சுண்ணாம்பை அரித்த நுண்மணலோடு கரைத்து ஊசியால் ஏற்றுங்கள். சீமெந்து வேண்டாம், அதிலிருந்து உப்பு வரும். அறுக்கும்போது நிறம் உதிராமலிருக்கச் சித்திரத்தின் மேல் தாளும் துணியும் ஒட்ட வேண்டும். அதற்கு எந்தப் பசை சரி என்று பார்க்க, கண்ணில் படாத மூலையில் ஈரப் பஞ்சை உருட்டுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் தண்ணீர்ப் பசை எதுவும் ஆகாது. அதற்கு அசிற்றோனில் கரைக்கும் பரலோயிட் பி-72 போன்ற பிசின் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் விசாரித்து, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைப் பூசுங்கள். எனாமல் பெயின்ரென்றால் நேர்மாறு: அசிற்றோன் அதை இளக்கிவிடும், கோதுமை மாப்பசைதான் பாதுகாப்பு. எங்கள் சுவர் எனாமல். வெள்ளை ரிசுத் தாளை மாப்பசையால் ஒட்டி, அதன்மேல் கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணியை ஒட்டினோம். நிறத் தாள் சாயம் விடும். பூச்சிக்கென்று பசையில் மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு, இங்கே கூடாது, பச்சைக் கறை பிடிக்கும். பசை பூசணம் பிடிக்க முன் துணியை எடுத்துவிட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சீமெந்துப் பூச்சுச் சுவரிலிருந்து பூச்சை மட்டும் உரிக்கப் பார்த்தால் நொறுங்கும். சுவரோடு அறுப்பதே வழி. ஒன்பது அங்குலச் செங்கற் சுவர் சதுர அடிக்கு 40 கிலோவுக்கு மேல் வரும், பத்துக்கு ஆறடித் துண்டு ஏறத்தாழ இரண்டரைத் தொன். பாரம் தூக்கும் பூம் ட்ரக் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வெட்டுக்கோடு முகத்தையோ கையையோ தொடக் கூடாது. வானம், மரத்தடி, ஏற்கெனவே உள்ள வெடிப்பு, இவற்றின் வழியே கீறுங்கள். முன்பக்கம் ரெஜிபோமும் பலகையும் வைத்து, முன்னும் பின்னும் ஆங்கிள் இரும்புச் சட்டம் போட்டு, போல்ட்டுகளைச் சித்திரத்துக்கு வெளியே இறுக்குங்கள். முன்பக்கத்தில் அறுக்கும் மெசினின் மெல்லிய தட்டால் பூச்சை மட்டும் அறுத்து, மிச்சத்தைப் பின்பக்கமிருந்து அறுக்க வேண்டும். சுத்தியல் எவர் கையிலும் இருக்கக் கூடாது. சுவரின் அடி வரிக் கற்களை ஒரேயடியாக எடுக்காமல், கொஞ்சம் எடுத்து, குறுக்கு இரும்பைச் செருகி, ஆப்பு இறுக்கி, பிறகு அடுத்ததற்குப் போங்கள். லொறியில் நிறுத்தியே கொண்டுபோங்கள், படுக்கப் போட்டால் நடுவில் முறியும்.

வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் புரட்டாதிக்குள் புதிய இடத்தில் கூரையும் போட்டுவிடலாம். அங்கே சித்திரம் தெற்குப் பார்த்து நிற்பது நல்லது. எங்கள் மாரி வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும், பின்னேர வெயில் மேற்கிலிருந்து சுடும். தெற்கு வெயிலை நான்கடித் தாழ்வாரம் மறைத்துவிடும். அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை போட்டு, பின்னால் காற்றோட இடைவெளி விடுங்கள்.

துணியை எடுத்ததும் புதிதாகப் பெயின்ற் அடிப்போம் என்று ஊரில் ஆசை எழும். எங்கள் சித்திரத்தில் குளக்கட்டின் மேல் யுத்தத்தில் செல் துண்டு பட்ட ஓட்டைகள் உண்டு. மூடிவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள். விளிம்புகளைச் சுண்ணாம்பால் இறுக்கிவிட்டு, ஓட்டைகளை அப்படியே விட வேண்டும் என்று நான் கடைசிவரை நின்றேன், அப்படித்தான் விட்டோம். வெட்டுக்கோடுகளையும் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பி, பக்கத்து நிறத்தைவிடச் சற்று மங்கலாக ஒரே நிறம் பூசினால் போதும். வார்னிஷ் வேண்டாம், ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

முதல் மாரி கழிந்ததும் மறுபடி தட்டிப் பாருங்கள். வெள்ளை உப்பு பூத்திருந்தால் உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று அடியில் தேடுங்கள். அந்த வேலைக்கு இரண்டு பேரின் பெயரைச் சனசமூக நிலையக் கூட்ட அறிக்கையில் எழுதி வையுங்கள், ஒவ்வொரு வருடப் பொதுக்கூட்டத்திலும் அவர்களிடம் கேளுங்கள்.