'ஏ பிளஸ்' பொத்தான் வைத்தால் மட்டும் போதாது: அரசுத் தளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வைக் குறைபாடு என்றதும் அரசுத் தளம் வடிவமைப்பவர்களுக்கு முழுப் பார்வையற்றவர்தான் நினைவுக்கு வருகிறார், பெரும்பாலான தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைந்த பார்வையைத் தனியாகவே வரையறுக்கிறது: கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் 6/18க்குக் கீழே 3/60 வரை தெரிபவர்கள் (6/18 என்றால் மற்றவர்களுக்கு 18 மீட்டரில் தெரிவது இவர்களுக்கு 6 மீட்டரில்தான் தெரியும்), அல்லது பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி வரை சுருங்கியவர்கள். இவர்களில் பலர் கண்ணால்தான் படிக்கிறார்கள். திரையைப் பெரிதாக்கி, நிறத்தை மாற்றி, கைபேசியை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் படிக்கிறார்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லக் கூடாது.

தளத்தின் மேல் ஓரத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் 'ஏ பிளஸ்' (A+) பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் பத்திகள் கொஞ்சம் பெரிதாகும், படிவத்தின் கட்டங்களும் படமாகப் போட்ட அறிவிப்புகளும் அப்படியே இருக்கும். தேவைப்படுகிறவர்கள் பிரவுசரிலேயே 400% வரை பெரிதாக்கிக்கொள்வார்கள், அப்போது தளம் உடையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த அளவில் நகராமல் ஒட்டி நிற்கும் தலைப்புப் பட்டை பாதித் திரையை விழுங்குகிறது, மூலையில் மிதக்கும் அரட்டைப் பெட்டி 'சமர்ப்பி' பொத்தான் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. கைபேசியில் இரண்டு விரலால் விரிக்கவே முடியாமல் பூட்டி வைப்பது இன்னும் மோசம்.

எனக்கு அதிகம் வலிப்பது பிழைச் செய்தி விஷயம். வருமானச் சான்றிதழுக்கு ஒருவர் விண்ணப்பிக்கிறார், அவர் திரையில் ஒரு நேரத்தில் தெரிவது பக்கத்தின் ஒரு சின்னத் துண்டுதான், கீழே பொத்தானை அழுத்துகிறார், பிழைச் செய்தியோ வலது மேல் மூலையில் சில நொடி வந்து மறைந்துவிடுகிறது. அவரைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்துகிறார், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் கைபேசியையும் ஓடிபியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். பிழையைத் தவறான கட்டத்துக்கு அடியிலேயே சொற்களில் எழுதுங்கள், மறையாமல் நிற்கட்டும். கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு மட்டும் போட்டால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு அது வெறும் கோடு.

வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம். இணைய அணுகலுக்கான உலகத் தரநெறி சாதாரண எழுத்துக்குக் கேட்பது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு. தமிழுக்கு அதற்கு மேலேயே வையுங்கள், மெல்லிய எழுத்துருவில் முதலில் காணாமல் போவது புள்ளி, அப்புறம் கி எது கீ எது என்று தெரியாது.

கோணல்மாணல் எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சாவும் வேண்டாம். ஒலி வடிவம் வைத்தாலும் காதும் மந்தமான முதியவருக்கு அது உதவாது. உள்நுழைந்தவருக்குத் தளம் தரும் நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லி, ஒரே தட்டில் நீட்டிக்க விடுங்கள், நிரப்பியதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி உள்நுழையச் சொல்லாதீர்கள். அரசாணையை ஸ்கேன் செய்து ஏற்றுவதும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பிடிஎஃப்பைப் போடுவதும் ஒரே தவறுதான்: முதலாவது பெரிதாக்கினால் மங்கும், இரண்டாவதைத் திரைவாசிப்பானிடம் வாசிக்கச் சொன்னால் குப்பை எழுத்து வரும். யூனிகோடில் ஒரு சாதாரணப் பக்கமாகப் போட்டாலே போதும்.

இதெல்லாம் சலுகை இல்லை. இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

சரி, தளத்தைத் திறந்துவிடும் முன் செய்ய வேண்டியது இதுதான். 400%இல் வைத்து, மவுசைத் தொடாமல், ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து ரசீது வரை நீங்களே முடித்துப் பாருங்கள். பிறகு குறைந்த பார்வை உள்ளவர்கள் சிலரைக் கூலி கொடுத்து அழைத்து, அவரவர் கைபேசியிலேயே அதைச் செய்யச் சொல்லி, குறுக்கே பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.