அதான் ஊசி போட்டாச்சே!

இது 2021ஆம் வருடத் தொடக்கம். கொரோனா தடுப்பூசி போட்டவர்கள் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகும் அறையில்தான் இப்போது எனக்கு வேலை. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருப்போம். யாருக்காவது மூச்சுத் திணறுகிறதா, உடம்பில் தடிப்பு வருகிறதா, தலை சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அமெரிக்காவில் முதலில் போட்ட கிட்டத்தட்ட 19 லட்சம் ஃபைசர் ஊசிகளில் கடுமையான ஒவ்வாமை வந்தது 21 பேருக்கு. அவர்களில் 15 பேருக்கு அது கால் மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் நாற்காலி.

ஒன்றும் நடக்காத அறையில் காதுக்குத்தான் வேலை அதிகம். உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் போன் வெளியே வரும். பேச வசதியாக மாஸ்க் தாடைக்கு இறங்கும். அப்புறம் அந்த வாக்கியம் வரும்: "அதான் ஊசி போட்டாச்சே, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்துடுங்க."

ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வருகிறது. இருபது வருடம் நர்ஸாக வேலை பார்த்த நானே ஜனவரியில் இதே வாக்கியத்தைச் சொன்னவள்தான்.

மூக்கை மூடுங்கள், கையைக் கழுவுங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும், சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. விவரம் தெரிந்தவர்களே செய்கிற சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஐந்தடுக்கு உடுப்போடு வருவது

குளிர்காலம், புரிகிறது. ஆனால் ஊசி இறங்க வேண்டியது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தடித்த தசையில். இறுக்கமான ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டே போனால் அது பாதிக் கையில் நின்றுவிடும், அந்த இடம் தெரியவே தெரியாது. உள்ளே அரைக்கை போட்டுக்கொண்டு, மேலே சட்டென்று கழற்றக்கூடியதைப் போட்டு வாருங்கள்.

வலி வருமென்று முன்னாலேயே மாத்திரை

வேண்டாம். வலித்தால் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். வேறு நோய்க்காகத் தினமும் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஊசி குத்திய நிமிடத்திலிருந்தே தைரியம்

2020 டிசம்பர் 8ஆம் தேதி, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 90 வயது மார்கரெட் கீனன் ஊசி போட்டுக்கொண்ட படத்தை வார்டில் ஒரே போனில் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தோம். இரண்டு பேர் அழுதார்கள். மாதக்கணக்கில் கவச உடைக்குள் வெந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். ஜனவரி முதல் வாரம் என் முறை வந்தது. ஊசி இறங்கியபோது தோளிலிருந்து ஒரு மூட்டையையும் சேர்த்து இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் கை வலி, கொஞ்சம் அசதி. இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

ஐந்தாம் நாள் மதியம். எங்கள் ஓய்வறை சின்னது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு ஹீட்டர், தண்ணீர் காய்ச்சும் கெட்டில். 'ஒரு நேரத்தில் ஒருவர்' என்று கதவில் ஒட்டிய காகிதம் பழுப்பேறியிருந்தது. மாதக்கணக்கில் அதை மீறாமல் தனித்தனியாகத்தான் சாப்பிட்டோம். அன்றைக்கு மூன்று பேர் உட்கார்ந்துவிட்டோம். நான்காவது பெண் வாசலிலேயே தயங்கி நின்றாள். "வா, அதான் ஊசி போட்டாச்சே" என்று கூப்பிட்டது நான்தான்.

வெளியே உறைகிற குளிர், ஜன்னல் சாத்தியிருந்தது. நாற்பது நிமிடம் பேசினோம், சிரித்தோம். ஒருவர் பல்லை ஒருவர் பார்த்தே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஈரம் படிந்து கோடு கோடாக வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். கெட்டிலின் ஆவி என்று நினைத்தேன். அதில் எங்கள் நான்கு பேருடைய மூச்சும்தான் இருந்திருக்கும்.

இத்தனைக்கும் விஷயம் எனக்குத் தெரியாததில்லை. ஊசி மருந்து உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கிருமியின் மேலே இருக்கும் முள் புரதம் இப்படி இருக்கும், அடையாளம் வைத்துக்கொள் என்கிறது. பாடம் படித்து, ஆள் திரட்டி, எதிர்ப்புப் பொருள்களைச் செய்து முடிக்க உடம்புக்கு நாள் வேண்டும். ஃபைசர் ஆய்வில் ஒரு வரைபடம் உண்டு. நிஜ ஊசி போட்டவர்களுக்கு ஒரு கோடு, போலி ஊசி போட்டவர்களுக்கு ஒரு கோடு. நோய் வந்தவர்கள் எண்ணிக்கை கூடக் கூடக் கோடு ஏறும். ஏறக்குறைய 12 நாள் வரை இரண்டு கோடும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே ஏறுகின்றன. அதற்கப்புறம்தான் நிஜ ஊசியின் கோடு படுத்துக்கொள்கிறது. ஐந்தாம் நாள் மேசையில் உட்கார்ந்திருந்த என்னிடமும், வெறும் உப்புநீரைப் போட்டுக்கொண்டவரிடமும் இருந்த பாதுகாப்பு ஒன்றுதான்.

எல்லார் வாயிலும் புழங்குகிற அந்த 95 சதவீதம், இரண்டாவது டோஸ் போட்டு ஏழு நாள் ஆனபிறகு எடுத்த கணக்கு. ஊசி போட்டவர்களில் 8 பேருக்கு நோய், போடாதவர்களில் 162 பேருக்கு. முதல் டோஸுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் எடுத்த கணக்கு வேறு: 39க்கு 82. அதாவது 52 சதவீதம்தான். 2021 பிப்ரவரி கடைசியில் வந்த இஸ்ரேல் ஆய்வும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. முதல் டோஸ் போட்ட 14ஆம் நாளிலிருந்து 20ஆம் நாள் வரை தொற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 46 சதவீதம். இரண்டாவது போட்டு ஒரு வாரம் கழிந்தபின் 92. பிரிட்டன் மாதிரி இரண்டாவது டோஸைப் பன்னிரண்டு வாரம் வரை தள்ளிவைத்த நாடுகளில் இந்த அரைகுறைக் காலம் இன்னும் நீளம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ ஊசியே வேண்டாம்" என்று யாராவது கிளம்பினால் காதைத் திருகுவேன். ஊசி வேலை செய்கிறது. அதற்குத் தேவையான நாளைக் கொடுக்காமல் போனது நான்.

சரி, ஓய்வறையோடு போயிருந்தால் இதை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். ஒன்பதாம் நாள் காலை உடம்பு வலி, தலைவலி, காய்ச்சல் 100 டிகிரி. வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் உடனே பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன். எனக்கு வந்தபோது, "ஊசியோட ரியாக்‌ஷன்" என்று முடிவுகட்டி, ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து, கை நடுக்கம் இருக்கிற அத்தைக்கு எப்போதும் போலத் தலை வாரிப் பின்னிவிட்டேன். மறுநாளும் அப்படியே. பதினோராம் நாள் காலையில் முகம் கழுவும்போது சோப்பில் வாசனையே இல்லை. இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊசியால் வரும் காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்து, ஓரிரு நாளில் போய்விடும். ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு ஒன்பதாம் நாள் வந்து நிற்காது. இருமல், வாசனை போவது, ருசி போவது இதெல்லாம் ஊசியால் வரவே வராது. ஊசி போட்டதால் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை பாசிட்டிவ் காட்டவும் காட்டாது. ஊசிக்குப் பிறகு பாசிட்டிவ் என்றால் உள்ளே கிருமி இருக்கிறது. போடுவதற்கு முன்னாலேயே தொற்றியிருக்கலாம், அது வெளியே தெரிய 14 நாள்கூட ஆகலாம். அல்லது என்னைப் போல நடுவில் வாங்கியிருக்கலாம்.

ஓய்வறையில் இருந்த நால்வரில் மூன்று பேருக்குப் பாசிட்டிவ். யாரிடமிருந்து யாருக்கு என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. நான்கு நாளில் அத்தைக்கு இருமல் தொடங்கியது. வயது 74. அவருடைய முதல் ஊசிக்கான தேதிச் சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்தத் தேதியில் அவர் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு குப்புறப் படுத்திருந்தார். பதினான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இப்போதும் மாடிப்படியில் மூன்று படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "நீ என்ன, வேணும்னா செஞ்ச?" என்பார். அதைக் கேட்கும்போதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் இப்போது என் அறைக்கு வருபவர்களிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி எழுதிக் கொடுக்கிறேன். தடுப்பூசி அட்டையில் இருப்பது இரண்டாவது ஊசி எப்போது என்கிற தேதி. நான் எழுதுவது அதற்கும் 14 நாள் கழித்து வருகிற தேதி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். 2021 மார்ச் 8ஆம் தேதி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிட்ட வழிகாட்டலிலும் இருந்தது இதே 14 நாள்தான். அந்த வழிகாட்டல்படி அதற்குப் பிறகும் முழுச் சலுகை கிடையாது. ஊசி முடித்தவர்கள் தங்களுக்குள் வீட்டுக்குள்ளே சந்திக்கலாம், ஊசி போடாத ஒரு குடும்பத்தோடும் இருக்கலாம், அந்த வீட்டில் நோய் வந்தால் தாங்க மாட்டார்கள் என்கிற நிலையில் யாரும் இல்லையென்றால். காகிதத்தை வாங்கிக்கொள்பவர்களில் பாதிப்பேர் மடித்துப் பையில் வைக்கிறார்கள். மீதிப்பேர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு போனை எடுக்கிறார்கள்.

குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவது

ஹீட்டர் காற்றைச் சூடாக்கும், மாற்றாது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்காஜிட் பகுதியில் பாட்டுக்குழு ஒன்று இரண்டரை மணி நேரம் ஓர் அறையில் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். நோய் கண்டவர்கள், அதை முதலில் கொண்டுவந்தவரையும் சேர்த்து, 53. இரண்டு பேர் இறந்துபோனார்கள். இவ்வளவு தெரிந்தும் நாம் மேசையைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெர்மனிக்காரர்கள் இடைவெளி, சுத்தம், மாஸ்க் என்று வைத்திருந்த தங்கள் சூத்திரத்தில் 2020 இலையுதிர் காலத்திலேயே 'காற்றோட்டம்' என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஓய்வறையில் இப்போது கரியமில வாயு அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். வெளிக்காற்றில் 400ஐ ஒட்டிக் காட்டும். இரண்டு பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் இருந்தால் ஆயிரத்தைத் தொடுகிறது. அந்த எண் கூடுகிறது என்றால் மற்றவர் விட்ட மூச்சை நீங்கள் இழுக்கிறீர்கள் என்று பொருள். எதிரெதிர் ஜன்னல்களை ஐந்து நிமிடம் அகலத் திறந்தால் மளமளவென்று இறங்கிவிடும். நாள் முழுக்க நடுங்க வேண்டியதில்லை, மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் நடுங்கினால் போதும்.

சில்லிட்ட விரலில் ஆக்ஸிமீட்டர்

நள்ளிரவில் ஒருவர் போன் செய்தார். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் 86 காட்டுகிறதாம், குரலில் உயிரே இல்லை. கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஐஸ் மாதிரி என்றார். வெந்நீர்ப் பையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லி மறுபடி பார்க்கச் சொன்னேன். 97. குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறையும், கருவி தப்பாகப் படிக்கும். நகப்பூச்சும் அப்படித்தான் ஏமாற்றும்.

இதற்கு நேரெதிரான தவறுதான் ஆபத்து. 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, உண்மையில் ஆக்ஸிஜன் இறங்கியிருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டியது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். கருவி தோல் வழியாக ஒளியைச் செலுத்திப் படிக்கிறது, நிறம் அதில் குறுக்கிடுகிறது. ஆகவே ஓர் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காமல், காலையிலிருந்து மாலைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 95 காட்டியும் ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு வாங்குகிறது என்றால், கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நெகட்டிவ் வந்துவிட்டது, கூடலாம்

அந்தச் சீட்டு சளி எடுத்த நேரத்தைத்தான் சொல்லும். நேற்றுத் தொற்றியது அதற்குத் தெரியாது.

பிடித்த கம்பெனி ஊசி வரட்டும் என்று காத்திருப்பது

கிருமி காத்திருக்காது.

தடுப்பூசி அட்டையைப் படமெடுத்துப் போடுவது

பெயர், பிறந்த தேதி, எல்லாம் அதில் இருக்கிறது. ஒட்டிய பிளாஸ்திரியைப் படமெடுங்கள்.

சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பது

இந்த 2021இல் எங்களுக்கு வரும் ஃபைசர் குப்பி ஒன்றில் 1.8 மில்லி உப்புநீர் கலந்தால் 0.3 மில்லி வீதம் ஆறு பேருக்கு வரும். கலந்தபின் ஆறு மணி நேரம்தான் ஆயுள். குலுக்கவும் கூடாது, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துத்தான் கலக்க வேண்டும். சாயங்காலம் குப்பியில் ஒரு டோஸ் மிச்சம் இருந்து, ஆறாவது ஆள் வராவிட்டால், நாங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு போன் மேல் போன் போடுவோம். வர முடியாதென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் இடத்துக்கு ஓடி வர ஆள் இருக்கிறார்கள்.

அத்தைக்குப் புதுத் தேதி கிடைத்துவிட்டது, வரும் வியாழக்கிழமை காலை பத்து மணி. பழைய சீட்டு இருந்த இடத்திலேயே அதே காந்தத்தில் மாட்டியிருக்கிறேன். அரைக்கைச் சட்டையை நேற்றே எடுத்து மடித்து வைத்துவிட்டார்.