மெயில் குவியலிலிருந்து முகவரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மெயில்களிலிருந்து முகவரிகளைத் திரட்ட வேண்டும் என்றால், டெர்மினலைத் திறந்ததும் கை தானாக கிரெப் என்றுதான் அடிக்கும்; ஃபைல்களுக்குள் வரி வரியாகத் தேடும் கட்டளை அது. தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் ஒரு வரி ரெஜெக்ஸ், கூடவே பொருந்திய பகுதியை மட்டும் கேட்கும் மைனஸ் ஓ, வேலை முடிந்தது. பட்டியலும் நல்ல நீளமாகவே வரும். ஏமாறுவது அந்த நீளத்தைப் பார்த்துத்தான்.

நான் முதல்முறை இப்படி எடுத்த பட்டியலில் பாதிக்கு மேல் மனிதர்களே இல்லை. எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட சரம், நடுவில் @, பின்னால் ஏதோ ஒரு சர்வர் பெயர். எல்லாம் மெசேஜ்-ஐடி. ஒவ்வொரு மெயிலுக்கும் தனி அடையாளமாக வைக்கப்படும் இது, பார்ப்பதற்கு அச்சு அசல் முகவரி மாதிரியே இருக்கும். பதிலுக்குப் பதில் என்று உரையாடல் நீள நீள, ரெஃபரன்சஸ் என்ற ஹெடரில் (மெயிலின் தலைப்பகுதியில் வரும் விவர வரி) முந்தைய மெயில்களின் ஐடிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். ஆக, யார் அதிகம் பேசினார்களோ அவர்களுடைய மெயில்தான் அதிகக் குப்பையைத் தரும்.

சரி, ஃப்ரம், டூ, சிசி வரிகளை மட்டும் எடுப்போம் என்று அடுத்த அடி வைப்போம். அங்கே ஹெடர் மடிப்பு காத்திருக்கிறது. பெறுநர்கள் பத்துப் பேர் இருந்தால் டூ ஹெடர் ஒரே வரியில் அடங்காது. இரண்டு பேரோடு வரி முடிந்து, மற்றவர்கள் இடைவெளியில் தொடங்கும் அடுத்தடுத்த வரிகளில் இருப்பார்கள். கிரெப்புக்கு வரிதான் தெரியும், ஹெடர் தெரியாது. அந்த எட்டுப் பேரும் சத்தமில்லாமல் விடுபடுவார்கள். எல்லா மெயிலையும் ஒரே ஃபைலில் சேர்த்து வைக்கும் எம்பாக்ஸில் இன்னொரு வம்பு: ஒவ்வொரு மெயிலும் 'ஃப்ரம்' என்ற சொல்லும் இடைவெளியுமாகத் தொடங்கும். முக்காற்புள்ளி இல்லாத அந்த வரியில் இருப்பது பல நேரம் மெயில் திரும்பி வர வேண்டிய முகவரி, எழுதியவருடையது அல்ல.

மெயிலின் உடலுக்குள் போனால் கதை இன்னும் மோசம். உடல் பேஸ்64 என்ற குறியீட்டு முறையில் மாற்றப்பட்டிருந்தால் கிரெப்புக்கு உள்ளே ஒன்றுமே தெரியாது. தமிழில் எழுதிய மெயில்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். கோட்டட்-பிரின்டபிள் என்ற இன்னொரு குறியீட்டு முறையில் அந்த ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரிந்து 9 ஆகிவிடும். அதனால் மெயில் மென்பொருள்கள் பேஸ்64ஐத் தேர்ந்தெடுப்பது இயல்பு. முடிவில், ஆங்கில மெயில்களின் முகவரிகள் வரும், தமிழ் மெயில்களுடையவை வராது. நாமோ பட்டியல் முழுசு என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

கோட்டட்-பிரின்டபிள் மட்டும் சும்மாவா? அதில் ஒரு வரிக்கு 76 எழுத்துதான். மீறினால் வரிக் கடைசியில் = போட்டு உடைத்துவிடும். ஒரு முகவரி .காம் என்று முடிகிறது, ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்தின் கடைசி 'எம்' மட்டும் அடுத்த வரிக்குப் போய்விட்டது என்று வையுங்கள். நமக்குக் கிடைப்பது .கோ என்று முடியும் முகவரி. அதுவும் உண்மையான டொமைன் முடிவுதான்! எந்தச் சோதனையும் அதைத் தவறு என்று சொல்லாது. மெயில் முன்பின் தெரியாத யாருக்கோ போய்ச் சேரலாம். அதே முறையில் = குறி '=3டி' என்று மாறுவதால், '3டி' முன்னால் ஒட்டிக்கொண்ட முகவரிகளும் வரும். லிங்குகளுக்குள் இருப்பவற்றில் @ இருக்காது, %40 இருக்கும்.

இதற்கெல்லாம் ரெஜெக்ஸை நீட்டிக்கொண்டே போவது வீண் வேலை. மெயிலின் அமைப்பு தெரிந்த கருவி முதலில் பிரித்துத் தரட்டும். ஒவ்வொரு மெயிலும் தனி ஃபைலாக இருக்கும் மெயில்டிர் என்றால் நாட்மச் என்ற மெயில் தேடல் கருவியின் 'அட்ரஸ்' கட்டளை போதும். ஆனால் சும்மா விட்டால் அது அனுப்புநர்களை மட்டுமே தரும், பெறுநர்களைத் தனியாகக் கேட்க வேண்டும். எம்பாக்ஸ் என்றால் ஃபார்மெயில் என்ற கருவி. மைனஸ் சி போட்டால் மடிந்த ஹெடர்களை ஒரே வரியாக்கிவிடும். உடலிலிருந்தும் வேண்டும் என்றால் பைத்தான் மொழியோடு கூடவே வரும் மெயில்பாக்ஸ், ஈமெயில் ஆகிய இரண்டு தொகுதிகளையும் வைத்துப் பிரித்து, டிகோட் செய்த பிறகு ரெஜெக்ஸை ஓட்டலாம்.

அந்த ரெஜெக்ஸிலும் டொமைன் முடிவு 2 முதல் 4 எழுத்து என்று பழைய பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். .மியூசியம் ஆங்கிலத்தில் 6 எழுத்து, .ஃபோட்டோகிராஃபி 11. மைனஸ் ஓ நான்காவது எழுத்தோடு வெட்டிக் கொடுத்துவிடும். .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் டொமைன்கள் இருப்பதையும் ஏ முதல் இசட் வரை தேடும் ரெஜெக்ஸ் அறியாது. முகவரியில் + வரலாம் என்பதை மறப்பவர்களும் நிறைய.

அப்புறம் சில்லறைத் தவறுகள். கிரெப்பில் பல ஃபைல்களைத் தேடும்போது மைனஸ் எச் போடாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஃபைல் பெயர் ஒட்டிக்கொள்ளும், இரட்டிப்பு நீங்காது. யூனிக் கட்டளை அடுத்தடுத்து நிற்கும் இரட்டிப்பை மட்டுமே நீக்கும், அதனால் முதலில் வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை அதற்கும் முன்பே சமன் செய்யுங்கள். விதிப்படி @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் அந்த வேறுபாட்டுக்கு அர்த்தம் இருக்கலாம். நடைமுறையில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கடைசியாக, சார்ட் செய்ததை > குறி போட்டு அதே ஃபைலுக்குள் திருப்பாதீர்கள். சார்ட் படிக்கத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை இயக்கும் ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிடும். சார்ட்டுக்கே மைனஸ் ஓ (இங்கே எழுத வேண்டிய ஃபைலைச் சொல்வது) கொடுத்து அதையே எழுதவிட்டால் இந்த ஆபத்து இல்லை.