காப்புக்காட்டில் ஆடு மாடு எங்கே புழங்குகிறது? சாணம் எண்ணிக் கணக்கெடுக்கும் முறை

உடைமரப் புதருக்குள் பத்தடி தள்ளி நிற்கும் மாடு கண்ணுக்குத் தெரியாது. அதனால் இராமநாதபுரம் கரையோரக் காடுகளில் தலையை எண்ணுவதைவிடச் சாணத்தையும் புழுக்கையையும் எண்ணுவதே நடக்கிற காரியம்.

முதலில் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். இடம் எந்த வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலுக்கே இடமில்லை. சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் விதி வேறு.

அடுத்து காட்டைப் பிரியுங்கள்: பனை நிற்கும் மணல்மேடு, உடைமரக்காடு, சீமைக்கருவேலம், உவர் தரவை (உப்பேறிய திறந்த வெளி), ஊருணிக் கரை. ஒவ்வொன்றும் மொத்தப் பரப்பில் எத்தனை சதவீதம் என்று வரைபடத்தில் அளந்து வையுங்கள். பின்னால் வகுக்க இது வேண்டும்.

ஆட்டுப் புழுக்கைக்கு 1.78 மீட்டர் கயிற்றை நடுக்குச்சியில் கட்டி ஒரு சுற்று வந்தால் 10 சதுர மீட்டர் வட்டம். ஒவ்வொரு காட்டு வகைக்கும் 30 வட்டமாவது வேண்டும், 20 மீட்டருக்கு ஒன்று. மாட்டுச் சாணத்துக்கு இந்த வட்டம் போதாது, பாதிக்குமேல் பூஜ்யமாகவே வரும். அதற்கு 100 மீட்டர் நேர்கோட்டில் நடந்து இருபுறமும் 2 மீட்டருக்குள் கிடப்பதை எண்ணுங்கள். குவியலின் நடு உள்ளே இருந்தால் கணக்கு, இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கிடப்பதை அப்படியே எண்ணினால் கணக்கு கெடும். மணல்மேட்டில் கறையான் தின்றுவிடும், மழை கரைத்துவிடும். காய்ந்த தரவையில் அதே சாணம் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் முதல் முறை எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, 30 நாள் கழித்து வந்து புதிதாக விழுந்ததை மட்டும் எண்ணுங்கள். அடையாளத்துக்கு மரக்குச்சி நட்டால் விறகுக்குப் போய்விடும். சுண்ணாம்பு அடித்த கல் போதும், கைப்பேசியில் இடத்தையும் பதிந்துகொள்ளுங்கள்.

வெள்ளாட்டுப் புழுக்கையையும் செம்மறிப் புழுக்கையையும் பிரிக்க முயலாதீர்கள், ஒன்றாகவே எழுதுங்கள். முயல் புழுக்கை உருண்டையாக, சற்றுத் தட்டையாக, உடைத்தால் நார்நாராக இருக்கும். புள்ளிமான் புழுக்கையில் பெரும்பாலும் ஒரு முனை கூர்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் ‘தெரியவில்லை’ என்று தனிப் பத்தியில் போடுங்கள்.

உரிமையாளர் இல்லாமல் திரிபவற்றைப் பிரிக்க, விடியுமுன் போக வேண்டும். பட்டி மாடுகள் உள்ளே வருவதற்குமுன் காட்டில் நிற்பது இராத் தங்கியது. காதுவெட்டு, கொம்புச் சாயம், மணி இருக்கிறதா என்று பாருங்கள். கழுதையும், கோடியக்கரையில் இருப்பதுபோன்ற காட்டுக்குதிரையும் இருந்தால் கவனம்: இவற்றில் ஆண் விலங்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும். அந்த மேட்டைக் குவியல் குவியலாக எண்ணாமல் ஓரிடம் என்று எழுதுங்கள்.

எல்லாரும் சறுக்குவது இங்கேதான்: சாணம் கிடக்கிற இடமெல்லாம் மேய்ந்த இடமல்ல. மாடு உச்சிவெயிலில் பனை நிழலில் படுத்து, எழுந்ததும் அங்கேயே போடும். நிழலையும் தண்ணீர்க்கரையையும் சாணம் பெரிதாக்கிக் காட்டும், மேய்ந்த தரவையைச் சிறிதாக்கும். ஆகவே காலையில் உள்ளே நுழைவதிலிருந்து மாலை திரும்பும்வரை மந்தையோடு கூடவே போய், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை மேய்கிறது, எத்தனை படுத்திருக்கிறது, எந்த வகைக் காடு என்று குறியுங்கள். நோட்டைத் திறந்துகொண்டு போய் நின்றால் அபராதம் போட வந்தவர் என்று நினைத்து மேய்ப்பவர்கள் மந்தையை வேறுபக்கம் திருப்பிவிடுவார்கள். முதல் நாள் பேச்சு மட்டும் போதும்.

ஒரே பருவக் கணக்கை நம்பாதீர்கள். காவிரி டெல்டாவில் அறுப்பு முடிந்ததும் கீதாரிகள் (செம்மறி மந்தையோடு இடம்பெயரும் மேய்ப்பர்கள்) கிடையோடு அங்கே போய்விடுவார்கள். அப்போது எண்ணினால் செம்மறி குறைவு என்று தோன்றும். மழை ஓய்ந்த பிறகு ஒன்று, கோடையில் ஒன்று வேண்டும்.

கடைசியில் ஒவ்வொரு வகைக் காட்டிலும் சதுர மீட்டருக்கு எத்தனை என்று கண்டு, அதன் பரப்பால் பெருக்கி, மொத்தச் சாணத்தில் அதன் பங்கை எடுங்கள். அந்தச் சாணப் பங்கைப் பரப்புப் பங்கால் வகுங்கள். காட்டில் 20 சதவீதமே உள்ள ஊருணிக் கரையில் 50 சதவீதச் சாணம் என்றால் 2.5. ஒன்றுக்குமேல் வந்தால் நாடுகிறது, கீழே வந்தால் ஒதுக்குகிறது. மேய்ச்சல் குறிப்பையும் இதேபோல் வகுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

கோடைச் சாணத்தில் சிலவற்றை வாளியில் ஊறவைத்துக் கழுவி, சீமைக்கருவேல விதையை எண்ணுங்கள். மாடு நெற்றைத் தின்று விதையைச் செரிக்காமல் போடும். ஆடு மென்று அழிப்பது அதிகம். மாடு படுக்கிற நிழலில் மழைக்குப் பிறகு முளைத்திருக்கிறதா என்றும் போய்ப் பாருங்கள்.